கடலைமிட்டாய்க்கு மரவள்ளிப் படல உறை: மாதுளைத் தோல் சாறு எங்கே உதவும், எங்கே உதவாது

மூலிகைச் சாறு சேர்த்த மக்கும் உணவுப் படலங்களைப் பற்றிய ஆய்வறிக்கைகள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகின்றன. ஒரு மாவுச்சத்து, ஒரு செடியின் சாறு, இரண்டையும் கலந்து ஒரு படலம். கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் பாக்டீரியா வளராத வளையத்தை அளந்ததும் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் படலம் எந்த உணவைச் சுற்றப் போகிறது, எந்த ஊரின் காற்றில், எத்தனை நாள் என்ற கேள்விகள் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக ஒதுங்கிவிடும். இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறோம். உணவு முதலில், படலம் பிறகு.

எடுத்துக்கொண்ட உணவு கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. வறுத்த நிலக்கடலையும் வெல்லப் பாகும்தான் அதன் உடல். படலத்துக்கு எடுத்தது மரவள்ளி மாவு. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது. சாறு, பழரசக் கடைகள் தூக்கி எறியும் மாதுளைத் தோலிலிருந்து.

மிட்டாய் எப்படிக் கெடுகிறது

கடலைமிட்டாய் இரண்டு வழியில் கெடும். ஒன்று, நமுத்துப்போவது. பதம் வந்து இறுகிய வெல்லப் பாகு கண்ணாடி போன்ற நிலையில் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க இழுக்க அந்த நிலை குலைந்து, முதலில் மேல்பரப்பு பிசுபிசுக்கும், பிறகு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், மொறுமொறுப்பு போய்விடும். இன்னொன்று, காறல். நிலக்கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதில் ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள்தான் பெரும்பங்கு. வறுத்த கடலையில் இந்த எண்ணெய் பச்சைக் கடலையைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேரும். ஒளி பட்டால் இன்னும் வேகம்.

மூன்றாவதாகக் கிருமி என்று பலரும் எழுதுவார்கள். நல்ல மிட்டாயின் நீர்ச்செயல்திறன், அதாவது கிருமிக்குக் கிடைக்கும் நீரை 0 முதல் 1 வரை காட்டும் அளவு, 0.5-க்குக் கீழே இருக்கும். 0.6-க்குக் கீழே பாக்டீரியாவும் வளராது, பூஞ்சையும் வளராது. ஆகவே இந்த உணவைப் பொறுத்தவரை அகார் தட்டு வளையத்தால் ஒரு பயனும் இல்லை. நீர் நிறைந்த அகாரில் படலம் கரைந்து சாறு பரவுகிறது, அதனால் வளையம் தெரிகிறது. காய்ந்த மிட்டாயின் மேல் அப்படி எதுவும் நடக்காது. கடலையில் முன்பே வந்துவிட்ட அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சையும் எந்த உறையும் எடுக்காது. அதைக் கடலை பொறுக்கும் இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் ஈரக் கணக்கு

படலம் காய்ச்சுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. வளைந்துகொடுக்கக் கிளிசரின் சேர்த்த மாவுப் படலங்களின் நீராவி ஊடுருவல் பொதுவாக, ஒரு மீட்டர் தடிமனுக்கு, ஒரு வினாடிக்கு, ஒரு பாஸ்கல் அழுத்த வேறுபாட்டுக்கு 10⁻¹⁰ கிராம் என்ற அளவை ஒட்டி இருக்கும். 2 × 10⁻¹⁰ என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் மிட்டாய் கொள்ளும் பை, 10 செ.மீ.க்கு 12 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்துப் பரப்பு 0.024 சதுர மீட்டர். படலத் தடிமன் 0.1 மி.மீ. வெளியே 30 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதம். உள்ளே மிட்டாயின் சமநிலை ஈரப்பதம் 35 சதவீதம். 30 டிகிரியில் நீராவியின் முழு அழுத்தம் ஏறத்தாழ 4,240 பாஸ்கல் என்பதால், 40 சதவீத வேறுபாடு என்பது சுமார் 1,700 பாஸ்கல்.

பெருக்கினால் நாளொன்றுக்கு 7 கிராம் தண்ணீர் உள்ளே போகும். இது முதல் நாள் வேகம். மிட்டாய் ஈரமாக ஆக வேகம் குறையும். ஆனாலும் 100 கிராம் மிட்டாய்க்குள் 7 கிராம் தண்ணீர் என்றால் மறுநாளே அது மிட்டாய் இல்லை, பிசின். அதே பையை 0.05 மி.மீ. பாலித்தீனில் செய்தால், அதன் ஊடுருவல் 8 × 10⁻¹³ அளவில் இருப்பதால், நாளைக்கு 0.06 கிராம்கூட வராது.

நூறு மடங்குக்கும் மேலான இந்த இடைவெளியை எந்தச் செடியின் சாறும் மூடாது. செடிச் சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் மாவின் ஹைட்ராக்சில் குழுக்களோடு பிணைந்து ஊடுருவலைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. கொஞ்சம்தான். தேன்மெழுகோ கார்னோபா மெழுகோ பூசினால் நல்ல முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் மடிக்கும் இடத்தில் மெழுகு வெடித்து, அந்தக் கோட்டின் வழியாகவே ஈரம் நுழையும்.

அப்படியானால் மரவள்ளிப் படலத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். அதை வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும். பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் மூடியுள்ள பாட்டிலில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறை. வெளியே தெருவில் விழுவது இந்தச் சின்ன உறைதான். பொறுக்கவும் முடியாது, மறுசுழற்சிக்குப் போகவும் போகாது. ஈரத்தைத் தடுக்கும் வேலையைப் பாட்டில் செய்யட்டும். துண்டின் உறை மட்டும் மரவள்ளிப் படலமாகட்டும்.

பாட்டில் இதைத் தாங்குமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 5 லிட்டர் பாட்டிலை ஒரு முறை திறந்து உள்காற்று முழுக்க மாறிவிட்டாலும், மேலே சொன்ன ஈரப்பத வேறுபாட்டில் கூடுதலாக நுழையும் தண்ணீர் 0.06 கிராம். நாளைக்கு 20 முறை திறந்தாலும் 1.2 கிராம். அது 2 கிலோ மிட்டாய்க்குப் பங்காகிறது. மூடி இறுக்கமாக இருக்கும்வரை இது தாங்கக்கூடிய அளவு. மூடியைத் திறந்தே வைக்கும் கடையில் இந்த ஏற்பாடு நடக்காது.

சாறு எடுப்பது

தோலை நன்றாகக் கழுவி, உள்ளிருக்கும் வெள்ளைச் சவ்வை முடிந்தவரை எடுத்துவிட்டு, 45 முதல் 50 டிகிரியில் விரலால் ஒடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை உலர்த்த வேண்டும். பொடித்து 40 கண் சல்லடையில் சலித்த பொடி 10 கிராமுக்கு, நீரும் உணவுத்தர எத்தனாலும் சம அளவில் கலந்த கரைசல் 100 மி.லி. 45 டிகிரியில் கிளறியபடி 2 மணி நேரம். மல் துணியில் ஒரு முறையும் வடிதாளில் ஒரு முறையும் வடிகட்டி, எத்தனாலை 45 டிகிரிக்கு மேல் போகாமல் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி நீக்கிவிட வேண்டும்.

வெறும் நீரிலும் சாறு இறங்கும். ஆனால் தோலின் பெக்டினும் சேர்ந்து இறங்கி, கரைசல் கொழகொழத்து, வடிதாள் அடைத்துக்கொள்ளும். எத்தனால் பெக்டினைத் திரள வைத்து வெளியே நிறுத்துகிறது. மெத்தனாலில் சாறு நன்றாக இறங்கும் என்பதற்காக ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துவது உண்டு. உணவைத் தொடும் பொருளுக்கு அது கூடவே கூடாது.

இந்த வேலை முழுவதிலும் இரும்பு எதுவும் சாற்றில் படக்கூடாது. துருப்பிடித்த வடிகட்டிக் கம்பி ஒன்று போதும். தங்க நிறத்தில் இருந்த சாறு, மாதுளையின் டானின் இரும்போடு சேர்ந்ததும், கண்ணெதிரே சாம்பல் படர்ந்து மை போலக் கறுக்கும். அந்தச் சாற்றில் செய்த படலத்தில் நீலக்கறுப்புப் புள்ளிகள் வரும். பார்ப்பவர்கள் பூஞ்சை என்றே நினைப்பார்கள். எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகமிருந்தாலும் இதே கதைதான், காய்ச்சி வடித்த நீர் வேண்டும்.

பழத்தோலில் பூச்சிமருந்து எச்சம் இருக்கும் வாய்ப்பு சதையைவிட அதிகம். எத்தனாலில் சாறு எடுக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கும். தோல் வாங்கும் ஒவ்வொரு தொகுதியையும் எச்சப் பரிசோதனைக்கு அனுப்பாமல் உணவுப் பொருளுக்குப் பயன்படுத்துவது சரியில்லை.

படலம் வார்ப்பது

மரவள்ளி மாவு 5 கிராம், தண்ணீர் 100 மி.லி., கிளிசரின் 1.5 கிராம். மாவைக் குளிர்ந்த நீரில்தான் கரைக்க வேண்டும். சுடுநீரில் போட்டால் கட்டியின் மேல்புறம் வெந்து, உள்ளே வறண்ட மாவு சிக்கிக்கொள்ளும். படலத்தில் அது வெள்ளைப் புள்ளியாக நிற்கும், இழுத்தால் அங்கேயிருந்துதான் கிழியும். மெதுவாகக் கிளறிக்கொண்டே சூடாக்கினால் 65 டிகிரியைத் தாண்டும்போது பால்நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும். 80 முதல் 85 டிகிரியில் 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும். வேகமாகக் கிளறினால் காற்று புகும். ஜவ்வரிசி வடாம் கூழ் காய்ச்சத் தெரிந்த கைக்கு இந்தப் பதம் சட்டென்று பிடிபடும்.

அடுப்பிலிருந்து இறக்கி 50 டிகிரிக்கு வந்த பிறகே சாறு சேர்க்க வேண்டும். சாற்றிலுள்ள திடப்பொருள், மாவின் எடையில் 5 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். அதாவது 0.25 கிராம். 10 சதவீதத்தைத் தாண்டினால் படலம் கருத்து, துவர்ப்பு நாக்குக்கு எட்டும், பரப்பில் பொடி பூத்தது போலச் சாறு வெளித்தள்ளவும் கூடும். எத்தனால் மிச்சமிருக்கும் சாற்றைச் சேர்த்தால் கூழில் நூல்நூலாக மாவு திரளும். அந்தக் கூழை மறுபடி சரிசெய்ய முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

வடிகட்டி, குமிழி ஏறி உடையும்வரை வெதுவெதுப்பாக அரை மணி நேரம் வைத்து, அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் தட்டில் ஊற்ற வேண்டும். ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 மி.லி. ஊற்றினால் உலர்ந்த படலம் ஏறத்தாழ 0.1 மி.மீ. வரும். துண்டு உறைக்கு 0.06 மி.மீ. போதும், அதற்கு 0.12 மி.லி. 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு இது 48 மி.லி. இவ்வளவு மெல்லியதாக ஊற்றும்போது தட்டின் மட்டம்தான் எல்லாம். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஊற்றினால் ஒரு மூலை தாள் போலவும் எதிர்மூலை தோல் போலவும் வரும். அந்தப் படலத்தில் எடுக்கும் எந்த அளவும் நம்பக்கூடியதல்ல.

உலர்த்துவது 40 டிகிரியில், 18 முதல் 24 மணி நேரம். அவசரப்பட்டு 60 டிகிரிக்கு ஏற்றினால் மேலே ஏடு படிந்து, அடியில் நீர் சிக்கி, ஓரம் சுருண்டு வெடிக்கும். 30 டிகிரியில் மழைக்காலக் காற்றில் விட்டாலோ, மாதுளைச் சாறு இருந்தும் ஈரக் கூழில் பூஞ்சை வந்துவிடும்.

உரித்த படலத்தை உடனே சோதிக்கக் கூடாது. மெக்னீசியம் நைட்ரேட்டின் பூரிதக் கரைசல் வைத்த மூடிய பெட்டியில் 25 டிகிரியில் 53 சதவீத ஈரப்பதம் நிற்கும். அதில் 48 மணி நேரம் வைத்து எடுத்த படலங்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். காலை உரித்ததும் மதியம் உரித்ததும் வேறு வேறு பொருள் போல நடந்துகொள்வதற்கு முக்கால்வாசிக் காரணம் ஈரம்தான்.

கிளிசரினைப் பற்றி ஒரு வார்த்தை. மாவின் எடையில் 20 சதவீதமாகக் குறைத்தால் மடிக்கும் கோட்டில் முறியும். 40 ஆக்கினால் கையில் ஒட்டும், ஈரமும் இன்னும் எளிதாக நுழையும். 30 என்பது இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த சமரசம். எப்படி இருந்தாலும் வாரங்கள் போகப் போக மாவின் அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படலம் விறைக்கும். ஆகவே வார்த்த கையோடு பயன்படுத்துவது நல்லது, மாதக்கணக்கில் கிடங்கில் வைக்கும் சரக்கு இல்லை இது.

சுற்றும்போது

மிட்டாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும். உள்சூடு இருக்கும்போது சுற்றினால் படலம் இளகி வெல்லத்தோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது துணுக்குத் துணுக்காக மிட்டாயிலேயே நிற்கும். ஆறிய மிட்டாயிலும், கிளிசரினும் வெல்லமும் இரண்டுமே ஈரம் இழுப்பவை என்பதால், தொடும் பக்கத்தில் உலர்ந்த மரவள்ளி மாவை மிக மெல்லியதாகத் தூவுவது உதவும். மிட்டாய்த்தாள் போல இரண்டு முனையையும் முறுக்கிவிட்டால் நிற்காது, மெல்லப் பிரிந்துகொள்ளும். உறை போல மடித்து, ஓரத்தில் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, சில வினாடி அழுத்திப் பிடித்தால் மாவே பசையாகிறது. தூரிகையில் தண்ணீர் சொட்டினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும்.

இந்த ஒட்டு முக்கியம். வறண்ட நிலையில் மாவுப் படலம் ஆக்சிஜனை மிக நன்றாகத் தடுக்கும், பாலித்தீனைவிடவும். ஆனால் மடிப்பில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகப் போய்விடும். படலம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

சாறு என்ன செய்கிறது

காறலைத் தடுக்கும் என்பதே சாறு சேர்ப்பதன் காரணம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் மாதுளைத் தோல் சாற்றைவிட வேகமாக ஊதா நிறத்தைப் போக்கும் பொருட்கள் குறைவு. ஆனால் அந்தச் சோதனை திரவத்தில் நடக்கிறது. இங்கே மாதுளைத் தோலின் பாலிஃபீனால்களான பியூனிகாலஜினும் எல்லஜிக் அமிலமும் காய்ந்த படலத்துக்குள் மாட்டியிருக்கின்றன. ஆவியாகாதவை, எண்ணெயில் கரையாதவை. படலத்தைத் தொடும் கடலையின் மேல்பரப்பைத் தவிர மிட்டாயின் உள்ளே அவை போய்ச் சேர வழியில்லை.

இலவங்க எண்ணெயிலுள்ள யூஜினால் என்ற மணப்பொருள் ஆவியாகிப் போய்ச் சேரும், எண்ணெயிலும் கரையும். அந்த வகையில் அது மேல். ஆனால் மிட்டாய் முழுக்க இலவங்க மணம் ஏறும், உலர்த்தும்போதே கணிசமான பகுதி பறந்தும் போகும். இஞ்சி, சுக்கு, ஏலக்காய் மணம் எதிர்பார்க்கும் வாய்க்கு அது பொருந்தாது.

மாதுளைச் சாறு உண்மையில் உதவுவது வேறொரு வழியில். பியூனிகாலஜினும் எல்லஜிக் அமிலமும் 365 முதல் 380 நானோமீட்டர் பகுதியில் ஒளியை நன்றாக உறிஞ்சும். சாதாரணக் கண்ணாடியும் பெட் பாட்டிலும் தடுக்காமல் விடும் புறஊதாப் பகுதி இதுதான். கடை வாசலில் வெயில் படும் பலகையில் பாட்டிலை வைப்பது எங்கும் வழக்கம். அங்கே துண்டைச் சுற்றியிருக்கும் இளம் தேன்நிறப் படலம் ஒளிக்குத் திரையாகிறது. சாறு மிட்டாய்க்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, படலத்துக்குள் இருந்தபடியே வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது முழுக்க மறைக்காது என்பதால் காறலை நிறுத்தாது, தள்ளிப்போடும்.

இதை நிறுவ வேண்டுமானால் சோதனையில் ஒப்பீடுகளைச் சரியாக வைக்க வேண்டும். உறையில்லாத மிட்டாய், வழக்கமான பாலிபுரொப்பிலீன் உறை, சாறில்லாத மரவள்ளிப் படலம், சாறுள்ள மரவள்ளிப் படலம் என நான்கு. ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கு, இருட்டில் ஒரு பங்கு. சாறில்லாத படலத்தை விட்டுவிட்டால், மாவு ஆக்சிஜனைத் தடுத்ததையெல்லாம் சாற்றின் கணக்கில் எழுதிவிடுவோம். இருட்டுப் பங்கை விட்டுவிட்டால், திரையாக நின்றதால் கிடைத்த பலனையும் எண்ணெயில் இறங்கிக் கிடைத்த பலனையும் பிரிக்க முடியாது.

மிட்டாயைப் பொடித்து பெட்ரோலியம் ஈதரில் எண்ணெயைக் குளிர்ந்த நிலையிலேயே பிரித்து, காறலின் தொடக்கத்தைக் காட்டும் பெராக்சைடு அளவைத் தயோசல்பேட் டைட்ரேஷனில் பார்க்கலாம். சுத்திகரிக்காத எண்ணெய்களுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த மேல்வரம்பு கிலோவுக்கு 15 மில்லி ஈக்விவலன்ட், சுத்திகரித்தவற்றுக்கு 10. பெராக்சைடு ஏறிப் பிறகு தானே உடைந்து இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. கடைசி வாரத்தில் எண் குறைந்தால் மிட்டாய் தேறிவிட்டது என்று பொருளில்லை, பெராக்சைடு உடைந்து வரும் பொருட்களைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பட்டறைக்கு எடுத்துப் போகும்போது

தட்டில் நன்றாக வந்த படலம் தொழிலாக நிற்குமா என்பதை உலர்த்தும் செலவுதான் முடிவு செய்யும். 0.06 மி.மீ. படலம் ஒரு சதுர மீட்டருக்கு 1.2 லிட்டர் கூழ் வேண்டும். அதில் சுமார் 1.1 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். லிட்டருக்கு 2.4 மெகாஜூல் என்றால் 2.6 மெகாஜூல், அதாவது முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த இழப்பும் இல்லாத கணக்கு இது, உண்மையான அடுப்பில் இன்னும் கூடும். 12 செ.மீ.க்கு 8 செ.மீ. உறை என்றால் ஒரு சதுர மீட்டரில் 100 துண்டுக்கு மேல் வரும்.

தண்ணீரைக் குறைத்துக் கூழைக் கெட்டியாக்கலாம். ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் போனால் கூழ் ஓடாது, குமிழி வெளியேறாது. அமிலத்தில் லேசாகச் சிதைத்த மாவு குறைந்த பிசுக்கோடு கூடுதல் திடப்பொருளைத் தாங்கும், படலம் மட்டும் சற்று வலுவிழக்கும். உருக்கிப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் வழியில் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. 120 டிகிரிக்கு மேலான சூட்டில் சாற்றின் ஒரு பகுதி அழிந்து படலம் பழுப்பாகும். சேகோ ஆலைகளின் வெயில் களம் இலவச அடுப்பு, ஆனால் தூசியும் ஈயும் வரும் திறந்த களத்தில் உணவு உறையைக் காய வைக்க முடியாது. மூடிய சூரிய உலர்த்தி ஒன்றுதான் இந்த இடத்தில் கணக்குக்கு ஒத்துவருகிறது.

சட்டப் பக்கத்தில், உணவைத் தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருளுக்கு 2018 உணவுப் பொட்டல விதிமுறைகள் கிலோவுக்கு 60 மி.கி. அல்லது சதுர டெசிமீட்டருக்கு 10 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கின்றன. தண்ணீரில் சோதித்தால் மாவுப் படலம் ஊறிக் கரைந்து இந்த வரம்பைத் தாண்டிவிடும். உலர்ந்த, எண்ணெய்ப்பசையுள்ள உணவுக்கான சோதனைத் திரவத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். பயன்படுத்தும் உணவையும் சான்றில் அப்படியே குறிக்க வேண்டும். இந்த உறையில் பன்னீரையோ அல்வாவையோ சுற்றி விற்றால் சான்று செல்லாது.

மக்குவது பற்றி ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரநிலை கேட்பது, தொழில்முறை உரக்குவியலின் 58 டிகிரியில் 180 நாட்களுக்குள் கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது. 84 நாளில் 2 மி.மீ. சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது என்பதும் உண்டு. மாவும் கிளிசரினும் மட்டுமே உள்ள படலத்துக்கு இது கடினமான தேர்வு அல்ல. தவறு நடப்பது அச்சு மையிலும் பசையிலும்தான். ஒரு துண்டு உறைக்கு மை தேவையில்லை. பெயரும் உற்பத்தித் தேதியும் பாட்டிலின் மேல் சீட்டில் இருந்தால், தெருவில் விழும் உறை வெறும் மாவாகவே விழும்.